எலியைக் கொல்லாமல் பாத்தியைக் காப்பாற்ற: என்ன சேதம், என்ன வழி

தருமபுரி மாவட்டத்தில், காரிமங்கலத்துக்கும் பாலக்கோட்டுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் 11 பாத்திகள். சுற்றிலும் நிலக்கடலை, கேழ்வரகு, கொஞ்சம் கரும்பு. வருஷத்துக்கு இரண்டு தடவை எலி தேடி வரும். கடலை பிடுங்கி, கேழ்வரகு அறுத்து முடிந்ததும் வயலில் தீனி இல்லாமல் ஒரு தடவை. பங்குனி, சித்திரை வெயிலில் தண்ணீருக்காக இன்னொரு தடவை. பக்கத்தில் கரும்பு வெட்டினால் அது மூன்றாவது.

ஆரம்பத்தில் நானும் எலி மருந்துக் கட்டி வாங்கி வைத்தவள்தான். மூன்று எலி செத்தது. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து வேப்பமரத்தடியில் ஒரு கூகை இறக்கையை விரித்தபடி கிடந்தது. மருந்து தின்று தள்ளாடிய எலியைப் பிடித்துத் தின்றிருக்கும். வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. ராத்திரியெல்லாம் எங்கள் கொல்லையைச் சுற்றி எலி பிடித்த பறவை அது. அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை. அதே மாதம் அதே வளையில் புது எலி குடிவந்தது. வழியும் தீனியும் அப்படியே இருந்தால் ஒன்று போன இடத்துக்கு இன்னொன்று வரத்தான் செய்யும். அதற்கப்புறம் வழியை அடைப்பது, பயிரை மூடுவது, தீனியை எடுப்பது, இந்த மூன்றைத்தான் செய்கிறேன்.

எங்கள் பாத்திகளிலும், கூப்பிட்ட அக்கம்பக்கத்தார் கொல்லைகளிலும் திரும்பத் திரும்பச் செய்து பார்த்ததை எழுதியிருக்கிறேன். உங்கள் பாத்தியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாத வேலை முதலில், செலவு பிடிக்கும் வேலை கடைசியில் இருக்கும். முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

## எதையும் செய்வதற்கு முன்: ஒரு ராத்திரி சாம்பல் தூவுங்கள்

எலி என்று நினைத்துப் பாதிப் பேர் கூப்பிடுகிறார்கள். போய்ப் பார்த்தால் வெட்டுப்புழுவோ நத்தையோ மயிலோ. அதனால் முதல் வேலை, வந்தது யார் என்று பார்ப்பது.

சாயங்காலம் பாத்தியைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு அடுப்புச் சாம்பலைத் தூவுங்கள். சாம்பல் இல்லையென்றால் சலித்த மண். கோலமாவு போடுவதானால் கல்மாவு போடுங்கள். அரிசிமாவு போட்டால் எலிக்கும் எறும்புக்கும் விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும். காலையில் வெயில் ஏறுவதற்குள் போய்ப் பாருங்கள்.

சின்னச் சின்ன விரல் தடமும் நடுவில் வால் இழுத்த கோடும் இருந்தால் எலி. மூன்று விரல் முன்னாலும் ஒன்று பின்னாலும் இருந்தால் பறவை. தடம் எதுவும் இல்லாமல் பளபளவென்று கோழைக்கோடு இருந்தால் நத்தை. தடமே இல்லை, சேதம் மட்டும் புதிதாக இருக்கிறது என்றால் பூச்சி, அல்லது பகலில் வரும் அணில்.

புழுக்கையையும் பாருங்கள். அரிசியளவு இருந்தால் சுண்டெலி. ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் எலி. 2 சென்டிமீட்டருக்கு இருந்தால் பெருச்சாளியாக இருக்கும். மேட்டு நிலத்தில், உலர்ந்த செம்மண்ணில், வால் நுனியில் மயிர்க்கொத்தோடு தத்தித் தத்தி ஓடினால் அது வெள்ளெலி.

நீண்ட மூக்கோடு, கீச்சுக் கீச்சென்று சுவரோரமாக ஓடி, ஒருவித நாற்றமும் அடித்தால் அது மூஞ்சூறு. அது எலி இனமே இல்லை. பூச்சியையும் புழுவையும் தின்றுகொண்டு உங்களுக்கு வேலை செய்கிறது. அதை விட்டுவிடுங்கள்.

## விதை போட்டேன், முளைக்கவில்லை

பாத்தியில் கூம்பு மாதிரி சின்னக் குழிகள் இருக்கின்றனவா பாருங்கள்.

குழி இல்லை என்றால்: விரலால் கிளறி விதையைத் தேடுங்கள். விதை அப்படியே கிடந்தால் அது விதைக் கோளாறு, அல்லது ஈரம் அதிகமாகி அழுகியிருக்கிறது. கீரை, ராகி மாதிரி பொடி விதை காணாமல் போயிருந்தால் எறும்பு இழுத்துப் போயிருக்கும்.

குழி இருக்கிறது, சுற்றிலும் மண் சீய்த்திருக்கிறது என்றால்: கோழி, மைனா, மயில். பகலில் ஒரு மணி நேரம் கண் வைத்தால் தெரிந்துவிடும்.

குழியோரம் காலித் தோல் கிடக்கிறது என்றால்: சுண்டெலி அல்லது வயல் எலி. நிலக்கடலை, மக்காச்சோளம், பட்டாணி, பூசணி, பாகல், பீர்க்கு விதைகளை வாசனை பிடித்தே தோண்டி எடுத்துவிடும்.

முதல் வேலை, பெரிய விதைகளை ஊறவைத்து, முளை எட்டிப் பார்த்ததும் ஊன்றுவது. மண்ணுக்குள் கிடக்கும் நாள் குறைந்தால் திருடு போகும் நாளும் குறையும். மிச்ச விதையைப் பாத்தி மேலேயே கொட்டிவிட்டு வராதீர்கள். ஒரு வருஷம் நான் அப்படித்தான் கைப்பிடி கடலையை விட்டுவிட்டு வந்து, மறுநாள் வரிசை முழுவதையும் தோண்டக் கொடுத்தேன்.

அதிலும் சரியாகவில்லை என்றால் குழித்தட்டில் நாற்று விட்டு, நாலு இலை வந்ததும் நடுங்கள். தட்டைத் தரையில் வைக்க வேண்டாம். கால் உள்ள மேசையில், சுவரை விட்டு இரண்டடி தள்ளி வையுங்கள்.

நேரடியாக விதைத்தே ஆக வேண்டிய பயிர் என்றால் மூடிதான் வழி. நாலு மரச்சட்டம், மேலே கால் அங்குலக் கண் உள்ள கம்பி வலை. சட்டத்தின் ஓரம் மண்ணுக்குள் இரண்டு அங்குலம் இறங்க வேண்டும்; சும்மா மேலே வைத்தால் அடியில் சுரண்டி நுழைந்துவிடும். முளை வலையை முட்டும்போது எடுத்து அடுத்த பாத்திக்கு மாற்றலாம். மூன்று சட்டம் இருந்தால் 11 பாத்திக்கும் எனக்குப் போதுமாக இருக்கிறது.

## நேற்று நின்ற நாற்று இன்றைக்கு வெட்டுண்டு கிடக்கிறது

வெட்டைப் பாருங்கள். தண்டு தரையோடு அறுபட்டு, செடி பக்கத்திலேயே விழுந்து கிடக்கிறதா? விரலால் ஓர் அங்குலம் கிளறினால் சாம்பல் நிறத்தில் சுருண்ட புழு கிடைக்கும். அது வெட்டுப்புழு, எலிக்கான வேலை எதுவும் வேண்டாம், கையால் பொறுக்கினால் போதும்.

சாய்வாக, கத்தி வைத்த மாதிரி சுத்தமான வெட்டு. மேல்பகுதி காணவில்லை அல்லது இழுத்துப் போன தடம் இருக்கிறது என்றால் எலி. அதே வெட்டு, பக்கத்தில் உருண்டை உருண்டையான புழுக்கை என்றால் முயல்.

எலிதான் என்றால் பாத்தியைச் சுற்றி மூன்றடிக்குப் புல், பூண்டு, குவித்த களை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். எலிக்குத் திறந்த வெளி பயம். ஓரமாக, மறைவாக ஓடத்தான் அதற்குப் பிடிக்கும். என் அனுபவத்தில் நாற்றுச் சேதம் பாதிக்கு மேல் இந்த ஒரு வேலையிலேயே நின்றுவிட்டது. வைக்கோல் மூடாக்கு போடுகிறவர்கள் தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டுப் போடுங்கள். நடவு முடிந்து முதல் இரண்டு வாரம் மெல்லிசாகப் போட்டால் போதும்.

அப்புறமும் வெட்டினால் ஒவ்வொரு நாற்றுக்கும் ஒரு வளையம். தண்ணீர் பாட்டிலின் அடியையும் வாயையும் வெட்டிவிட்டு, நாற்றைச் சுற்றி மாட்டி, இரண்டு அங்குலம் மண்ணில் அழுத்துங்கள். உயரம் ஒரு சாணாவது இருக்கட்டும். தண்டு பென்சில் தடிமனுக்கு வந்ததும் எடுத்துவிடலாம்.

## மேலே செடி நன்றாக இருந்தது, கீழே கிழங்கு இல்லை

மனசை ரொம்ப நோகடிக்கும் சேதம் இது. நாலு மாதம் வளர்த்துவிட்டு, தோண்டும்போது கூடு மட்டும் கையில் வரும். சர்க்கரைவள்ளி, பீட்ரூட், கேரட், மரவள்ளி எல்லாவற்றிலும் நடக்கும்.

தண்ணீர் விட்டிருந்தும் ஒரு செடி மட்டும் திடீரென்று வாடுகிறதா? தண்டைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். பிடிமானமே இல்லாமல் வந்தால் அடியில் குடைந்திருக்கிறது. பக்கத்தில் காலால் அழுத்தினால் மண் உள்ளே போகும், அதுதான் சுரங்கம்.

கிழங்கை எடுத்துப் பாருங்கள். இரண்டு இரண்டாக உளி வைத்த மாதிரி பல் தடம் இருந்தால் எலி. குண்டூசித் துளை, உள்ளே கறுத்து கசப்பு வாடை என்றால் சர்க்கரைவள்ளியின் கூன்வண்டு. பாத்தி முழுக்க ஏர் உழுத மாதிரி கிளறியிருந்தால் காட்டுப்பன்றி. மரவள்ளியைத் தோண்டி, அகலமான பல்லால் கடித்து, பக்கத்தில் ஒரு முள்ளும் கிடந்தால் முள்ளம்பன்றி; தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் மாதிரி காட்டோரக் கொல்லைகளில் வரும். பின்னது இரண்டுக்கும் இந்தக் கட்டுரை உதவாது, வனத்துறையிடம்தான் சொல்ல வேண்டும்.

காசில்லாத வேலை: விளைந்ததும் எடுத்துவிடுங்கள். "மண்ணுக்குள்ளேயே இருக்கட்டும், வேணுங்கறப்போ தோண்டிக்கலாம்" என்று விட்டுவைப்பதுதான் எலியைக் கூப்பிடுகிறது. நாங்கள் பீட்ரூட்டை இப்போது மூன்று தவணையாக விதைக்கிறோம். ஒரே சமயத்தில் பாத்தி நிறைய விளைந்து நிற்பதில்லை.

அப்படியும் வந்தால் பாத்திக்கு அடியில் வலை போட வேண்டும். ஒரு நாள் வேலை, காசும் ஆகும். ஆனால் இதற்குப் பிறகு அந்தப் பாத்தியைப் பற்றி நான் கவலைப்பட்டதில்லை. செய்யும் விதத்தை முழுசாகச் சொல்கிறேன், ஏனென்றால் அரைகுறையாகச் செய்து காசை விட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கடையில் கேட்க வேண்டியது அரை அங்குலக் கண் உள்ள ஜி.ஐ. வெல்டு மெஷ், அதாவது துத்தநாகம் பூசிய, கம்பிகளை வெல்டு வைத்த வலை. கோழி வலை வேண்டாம். அது மெல்லிசு, கண் பெரிசு, சுண்டெலி தாராளமாக நுழையும். மண்ணுக்குள் சீக்கிரம் துருப்பிடித்தும் போகும். பிளாஸ்டிக் வலையும் பச்சை நிழல்வலையும் எலிப் பல்லுக்குக் காகிதம். சுண்டெலியும் உங்கள் பிரச்சினை என்றால் கால் அங்குலக் கண் வாங்குங்கள், விலை கூட இருக்கும்.

பாத்தி மண்ணை ஒன்றரை அடி ஆழத்துக்கு எடுத்து ஓரமாகக் குவியுங்கள். கிழங்குக்கு வலைக்கு மேலே ஓர் அடி மண்ணாவது வேண்டும். வலையைத் தொட்டி மாதிரி விரித்து, நாலு பக்கமும் மடித்து மேலே கொண்டுவாருங்கள்; மண்மட்டத்துக்கு மேல் அரை அடி நிற்கட்டும். ஒரு துண்டு போதாமல் இன்னொன்று சேர்த்தால் நாலு அங்குலம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இருக்க வேண்டும். ஏறிய இடத்தில் சாணுக்கு ஒரு முடிச்சு கட்டுக்கம்பி. மூலை மடிப்பில்தான் எல்லோரும் கோட்டைவிடுவார்கள். மூலையை வெட்டாமல் பொட்டலம் மாதிரி மடித்து இழுத்துக் கட்டுங்கள். அப்புறம் மண்ணை நிரப்புங்கள்.

மண்ணைத் திரும்ப நிரப்பும் முன்னால் குவியலையும் குழியையும் ஒரு தடவை பாருங்கள். உள்ளே எலியோ குட்டியோ இருக்கும்போது மூடிவிட்டால் அது பட்டினியில் சாகும். இது நடந்துவிடக் கூடாது. அடுத்த தலைப்பில் சொல்லும் காகிதச் சோதனையை முடித்துவிட்டே இந்த வேலையைத் தொடங்குங்கள்.

கீழே வலை, மேலே ஓரத்துக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வசதி இருக்கிறது. கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கிரானைட் பாலிஷ் போடும் இடங்களில் வெட்டு மிச்சப் பலகைகள் கிடைக்கும். இரண்டடி உயரத் துண்டுகளை, பாலிஷ் பக்கம் வெளியே பார்க்கும்படி பாத்தியைச் சுற்றி நட்டால் எலிக்கு ஏறப் பிடி கிடைக்காது. இடுக்கை மட்டும் சிமென்ட் வைத்துப் பூச வேண்டும். தகரம் இருந்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும். அணிலை இது தடுக்காது.

## பாத்திக்குள்ளேயே, வரப்பிலேயே வளை இருக்கிறது

கையை உள்ளே விடாதீர்கள். நல்லபாம்பும் கட்டுவிரியனும் எலி வளைக்குள்தான் வெயிலுக்கு ஒதுங்கும். வளை வாயில் பாம்புச் சட்டை கிடந்தாலோ, புது மண் எதுவுமில்லாமல் வாய் வழவழவென்று தேய்ந்திருந்தாலோ அங்கேயே நிறுத்திவிட்டு வனத்துறையையோ, 101இல் தீயணைப்பு நிலையத்தையோ கூப்பிடுங்கள். சாரைப்பாம்பு என்று உறுதியாகத் தெரிந்தால் அதை அதன் போக்கில் விடுங்கள். அதற்கு விஷம் கிடையாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் அதற்குப் பாதுகாப்பு தருகிறது. எலி பிடிப்பதில் நம்மைவிடக் கெட்டிக்காரப் பாம்பு அது.

பாம்பு இல்லையென்று தெரிந்தால், பழைய செய்தித்தாளைக் கசக்கி எல்லா வளை வாயிலும் தளர்வாகச் செருகுங்கள். வயல் எலியில் ஒரு வகை வளை வாயை மண்ணாலேயே மூடி வைத்திருக்கும். அதனால் புது மண் குவிந்த இடத்தையும் லேசாகத் திறந்து காகிதம் வையுங்கள். மூன்று ராத்திரி பொறுங்கள்.

காகிதம் அசையவே இல்லை என்றால்: காலி வளை. கடப்பாரையால் இடித்து, சரளையும் மண்ணும் போட்டுக் குத்தி மூடுங்கள். திறந்து விட்டால் அடுத்தவர் குடிவருவார்.

காகிதத்தை வெளியே தள்ளியிருக்கிறது என்றால்: குடியிருக்கிறது. இப்போது குட்டி இருக்கிறதா என்று பாருங்கள். காய்ந்த புல், துணி நூல், சாக்குப் பிசிறு வளை வாயில் இழுபட்டிருந்தால், சாயங்காலம் காதை வைத்தால் மெல்லிய கீச்சொலி கேட்டால், உள்ளே குட்டி.

குட்டி இருந்தால் நாலு வாரம் விடுங்கள். அதற்குள் குட்டிகள் தாய்ப்பால் மறந்து தாமாக இரை தேடிப் போகும். அதுவரை அந்தப் பாத்தியில் விளைந்ததை எடுத்துவிட்டு, மூடிச் சட்டங்களை மற்றப் பாத்திகளுக்குப் போடுங்கள். இந்த நாலு வாரத்தைப் பொறுக்க மாட்டேன் என்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: தாயை விரட்டினால் அந்தக் குட்டிகள் மண்ணுக்குள் எத்தனை நாள் கிடந்து சாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

குட்டி இல்லை, அல்லது நாலு வாரம் முடிந்துவிட்டது என்றால் எலியைத் தானாகக் கிளம்ப வைக்கலாம். தினமும் சாயங்காலம் வளை வாயை உடைத்து அகலமாக்குங்கள். சுற்றி மண்ணைக் கடப்பாரையால் லேசாக நெம்பித் தளர்த்துங்கள். பாத்தியை நன்றாக நனையுங்கள். வளைக்குள் ஊற்ற வேண்டாம், மேல் மண் ஈரமானால் போதும். சுற்றியுள்ள புதரை எடுங்கள். மறைவும் அமைதியும் போன இடத்தில் எலி தங்குவதில்லை. எனக்கு நாலைந்து நாளில் காலி செய்திருக்கிறது, ஒரு தடவை மட்டும் ஒன்பது நாள் ஆனது. மறுபடி மூன்று ராத்திரி காகிதம் வைத்து, அசையவில்லை என்றதும் மூடுங்கள்.

புகை போடுவது, வளைக்குள் தண்ணீர் கொட்டுவது இரண்டும் உள்ளே இருப்பதை மூச்சுமுட்டிக் கொல்லும் வேலை. வளையில் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைக் கண்டிப்பாகத் தொடாதீர்கள். ஈரம் பட்டால் அதிலிருந்து வரும் வாயு மனிதரையும் கொல்லும், மாற்று மருந்து கிடையாது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசைக்கும் மாற்று மருந்து கிடையாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது இருக்கவே கூடாது.

## தக்காளி, கத்தரி, வெள்ளரி கடிபடுகிறது

எந்த உயரத்தில் கடி என்று பாருங்கள். தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் காயில் மட்டும் என்றால் எலி. செடி உச்சியில், பகலில் என்றால் அணில் அல்லது பறவை. பழம் கொத்துக் கொத்தாகப் போயிருந்தால் மயில்.

எலிக்கு: செடிக்குக் குச்சி நட்டுக் கட்டுங்கள், கீழ் இலைகளை ஓரடி உயரம்வரை கிள்ளிவிடுங்கள். உதிர்ந்த பழத்தை அன்றன்றைக்குச் சாயங்காலமே பொறுக்குங்கள். தக்காளியைப் பாதி நிறம் மாறும்போதே பறித்து வீட்டுக்குள் பழுக்க வையுங்கள். இராயக்கோட்டை மண்டிக்குப் போகிற பழமும் செங்காயாகத்தான் கிளம்புகிறது; ருசியில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அணிலுக்கு: துணிப்பை அல்லது காகிதப் பை, நல்ல காய்களுக்கு மட்டும். மிச்சத்தில் அது கொஞ்சம் எடுத்துக்கொள்ளட்டும் என்று நான் விட்டுவிட்டேன்.

## சொட்டுநீர்க் குழாயைக் கடிக்கிறது

பங்குனி முதல் ஆனிவரை இதுதான் தலைவலி. முதலில் குழாயைப் பாருங்கள். நீளவாக்கில் வெடித்திருந்தால் வெயிலில் பழசான குழாய்; மாற்ற வேண்டியதுதான். பக்கம் பக்கமாக இரட்டைப் பல் தடம் இருந்தால் எலி அல்லது அணில்.

அதற்குத் தாகம். அதனால் முதல் வைத்தியம் தண்ணீர் வைப்பது. பாத்தியிலிருந்து முப்பது அடி தள்ளி, வேலியோரம், தட்டையான மண்சட்டியில் இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர். உள்ளே ஒரு கல் போட்டு வையுங்கள், விழுந்த உயிர் ஏறி வரட்டும். தினம் கழுவி மாற்றுங்கள், இல்லையென்றால் கொசு. எங்கள் வீட்டில் மூன்று சட்டி வைத்த கோடையில் கடிபட்ட இடம் இரண்டுதான்; அதற்கு முந்தின கோடையில் ஜாயின்டர் வாங்கியே அலுத்துப்போனேன்.

அதற்கு மேலும் கடித்தால், ஒரே இடத்தில்தான் கடிக்கும்: எலி பாத்தியைத் தாண்டும் தடத்தில். சாம்பல் தூவி அந்த இடத்தைக் கண்டுபிடித்து, குழாயை அங்கே மட்டும் அரையங்குல பி.வி.சி. துண்டுக்குள் நுழையுங்கள். செலவான வழி, குழாயைத் தரையிலிருந்து ஓரடி மேலே கம்பியில் தொங்கவிடுவது. பந்தல் பயிருக்கு அது வசதியும்கூட.

## எல்லாம் செய்தேன், இன்னும் வருகிறது

அடைப்பில் ஓட்டை இருக்கிறது, அல்லது பக்கத்தில் தீனிக்கடை இருக்கிறது.

ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு வலையைச் சுற்றி நடந்து பாருங்கள். பென்சில் நுழையும் இடத்தில் சுண்டெலி நுழையும். கட்டைவிரல் நுழைந்தால் எலிக்குட்டி நுழையும். மூலை, வலை சேர்ந்த இடம், குழாய் உள்ளே போகும் துளை, இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். செடிக்கிளை வலைக்கு மேலே சாய்ந்து பாலம் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடைப்பு சரி என்றால் தீனியைத் தேடுங்கள். எரு குழியில் சமைத்த சோறும் எலும்பும் கொட்டினால் எலிக்கு வருஷம் முழுக்கச் சாப்பாடு. காய்கறித் தோல் மட்டும் போடுங்கள், அடியில் அரை அங்குல வலை விரியுங்கள். கோழித் தீவனத்தை ராத்திரி தகர டின்னில் மூடுங்கள். மாங்காய்க் காலத்தில் மரத்தடி உதிர்ந்த காய்களைப் பொறுக்குங்கள். நம் பக்கத்தில் நிலத்தில் பொறுக்கிய கல்லை வேலியோரம் குவித்து வைப்பது வழக்கம். அந்தக் குவியல் பாத்திக்குப் பத்தடிக்குள் இருந்தால் தள்ளி வையுங்கள். ஆனால் ஒரே நாளில் கலைக்காதீர்கள். உள்ளே ஓணான், உடும்பு, பாம்பு எல்லாம் இருக்கும். வாரத்துக்குக் கொஞ்சமாக எடுத்தால் அவை போக நேரம் கிடைக்கும்.

கொல்லை நடுவில் எட்டடிக் கம்பு நட்டு, உச்சியில் குறுக்குக் கட்டை அறையுங்கள். ஆந்தையும் கூகையும் ராத்திரி உட்கார்ந்து பார்க்க அது போதும். அவை பாத்திக்குப் பக்கத்தில் இருக்கும்வரை யாரும் விஷம் வைக்கக் கூடாது; பக்கத்துக் கொல்லைக்காரரிடமும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். எனக்கு ஒரு மாதம் பிடித்தது அந்த அண்ணனைச் சம்மதிக்க வைக்க. "ஒரு பாத்திக்கு நான் வந்து வலை போட்டுத் தரேன்" என்று சொன்னதும்தான் கேட்டார்.

## அடைத்த வலைக்குள் ஒன்று மாட்டிக்கொண்டது

எலிக்கூண்டு எனக்கு இந்த ஒரு சமயத்துக்குத்தான். முதலில் கூண்டு, பிறகு அடைப்பு என்று போனால் வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கம்பிக் கூண்டு, உள்ளே சுட்ட தேங்காய்த் துண்டு அல்லது வறுத்த கடலை. ஓரமாக வைத்து மேலே ஈரச் சாக்கு மூடுங்கள். சாயங்காலம் வைத்து, விடிந்ததும் பார்க்க வேண்டும். வெயில் படும் இடத்தில் கூண்டை மறந்துவிட்டால் உள்ளே இருப்பது கொஞ்ச நேரத்திலேயே வெந்து செத்துவிடும். மூஞ்சூறு மாட்டினால் உடனே விடுங்கள். சில மணி நேரம் இரை இல்லாவிட்டாலே அது தாங்காது.

வேறு ஊருக்குக் கொண்டுபோய் விடாதீர்கள். தெரியாத இடத்தில் வளையும் இரையும் இல்லாமல் பெரும்பாலும் செத்துப்போகும், பிழைத்தால் இன்னொருவர் வயலுக்குத் தொல்லை. வேலிக்கு வெளியே, புதர் ஓரமாக, பொழுது சாய்ந்ததும் திறந்துவிடுங்கள். அடைப்பு சரியாக இருந்தால் அது உள்ளே திரும்ப முடியாது.

பசை அட்டை மட்டும் வேண்டவே வேண்டாம். தோல் கிழிந்து, மணிக்கணக்கில் துடித்துச் சாகும். இந்திய விலங்குகள் நல வாரியமும் அதை 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு எதிரானது என்று சொல்லியிருக்கிறது. பல்லி, குருவி, பாம்பெல்லாம்கூட அதில் ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே ஏதாவது ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். சமையல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினால் விடுபடும்.

## எப்போது ஆள் கூப்பிட வேண்டும்

பாத்தி ஓரத்திலேயே பத்துக்கு மேல் குடியுள்ள வளை இருந்தால், வீட்டுச் சுவரின் அடியில் பெருச்சாளி குடைந்து தரை இறங்கினால், தனியாகச் செய்ய வேண்டாம். சுவர் விஷயத்துக்குக் கொத்தனார். வலை வேலை பெரிதாக இருந்தால் ஒரு வெல்டரிடம் சட்டம் செய்து வாங்குவது மிச்சம். பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்களைக் கூப்பிட்டால், மருந்து வைக்காமல் வழியை அடைத்து மட்டும் தருவீர்களா என்று முதலிலேயே கேளுங்கள்.

வயல் முழுக்கப் பரவியிருந்தால் தருமபுரி மாவட்டத்தவர் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலும், கிருஷ்ணகிரி மாவட்டத்தவர் எலுமிச்சங்கிரி நிலையத்திலும் கேட்கலாம். உழவர் அழைப்பு மையம் 1800 180 1551இல் தமிழிலேயே பேசுவார்கள். பதிலில் மருந்துப் பெயர் வந்தால், கொல்லாத வழி வேண்டும் என்று திரும்பவும் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் போக வேண்டிய விஷயமும் இருக்கிறது. எலி மூத்திரம் கலந்த ஈர மண்ணில் வெறுங்கையோடு, வெறுங்காலோடு வேலை செய்தால் எலிக்காய்ச்சல் வரலாம். புதரில் இருக்கும் பொடி உண்ணி கடித்தால் உண்ணிக்காய்ச்சல் வரலாம். சிலருக்குக் கடித்த இடத்தில் சிகரெட் சுட்ட மாதிரி கருப்புப் பொருக்கு இருக்கும், வலிக்காது, அதனால் பலர் கவனிப்பதில்லை. வளை வேலைக்கு ரப்பர் கையுறையும் மூடிய செருப்பும் போடுங்கள். வேலை செய்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில், "எலி வளை மண்ணில் வேலை செய்தேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் அவர்கள் அந்தப் பரிசோதனையை எழுதுவார்கள். எலி கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.